ஜொகூர் காட்டின் மேல் கடைசி ஸ்பிட்ஃபயர்

1954 ஏப்ரல் 1. சிங்கப்பூரின் செலேத்தார் தளத்திலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர் கிளம்பி, நீரிணையைத் தாண்டி ஜொகூர் காட்டுக்கு மேல் பறந்தது. அதில் பீரங்கியோ குண்டோ கிடையாது. கேமராக்கள் மட்டும். கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் பதுங்கியிருப்பதாக நம்பப்பட்ட காட்டைப் படமெடுப்பதுதான் வேலை. 81ஆம் படையணியின் அந்த விமானத்துக்கு எண் பி.எஸ். 888, ஓட்டியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஸ்வாபி. பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் களப்பணிக்குப் பறந்தது அன்றோடு சரி.

ஸ்பிட்ஃபயர் என்றால் 1940இல் லண்டன் வானத்தில் நடந்த சண்டைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதன் முடிவுரை எழுதப்பட்டது ஜொகூரில் என்பது மலேசியத் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாது. அதுவும் இரண்டு முறை எழுதப்பட்டது. 1951 புத்தாண்டு நாளில் டங்கன் ஸ்மித் தலைமையில் 60ஆம் படையணியின் நான்கு விமானங்கள் கோத்தா திங்கி வட்டாரத்தைத் தாக்கின. பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர்கள் நடத்திய கடைசித் தாக்குதல் அதுதான்.

1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களை எதிர்த்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது சிங்கப்பூரில் இருந்தவை போர் முடிந்தபின் படைக்கு வந்த மார்க் 18 ரக ஸ்பிட்ஃபயர்கள். ஜூலையிலேயே தாக்குதல் தொடங்கிவிட்டது. காட்டுக்குள் இருந்த எதிரியிடம் விமானம் எதுவும் இல்லை. வானத்தில் துரத்த ஆளில்லை. அப்படியானால் விமானிக்கு ஆபத்து எங்கிருந்து வந்தது? மழைமேகத்திலிருந்து, கீழே விரிந்துகிடந்த காட்டிலிருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக, தளத்துக்குத் திரும்பித் தரையைத் தொடும் அந்தக் கடைசி நிமிடத்திலிருந்து.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஏறக்குறைய 37 அடி. சக்கரங்களுக்கு நடுவிலோ ஆறடிகூட இல்லை. மெல்லிய இறக்கை பாரம் தாங்க வேண்டுமே என்று வடிவமைப்பாளர் மிட்செல் சக்கரக் கால்களை உடலுக்குப் பக்கத்திலேயே பொருத்தி, வெளிப்புறமாக மடியும்படி வைத்தார். பறக்கும்போது அது வரம். இறங்கும்போது, ஒடுங்கிய காலில் நிற்கும் கனத்த உடம்பு. குறுக்குக் காற்று ஒரு தள்ளு தள்ளினால் விமானம் ஓடுபாதையிலேயே சுழலும், இறக்கை நுனி தரையைத் தட்டும், கால் மடங்கும். பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால் மூக்கு குத்தி, சுழலி உடையும்.

முன்னால் பார்க்கவும் முடியாது. வால் தாழ்ந்து நிற்கும் விமானத்தில் நீண்ட மூக்கு ஓடுபாதையை அப்படியே மறைத்துவிடும். அதனால் விமானி நேராக வராமல் வளைந்து வந்து இறங்குவார். தரையில் ஓடும்போது இடமும் வலமும் திருப்பித் திருப்பி வழி பார்ப்பார். மார்க் 18இல் இருந்த கிரிஃபன் இயந்திரம் 2,000 குதிரைத்திறனுக்கும் மேல். பழைய ரகங்களில் இருந்த மெர்லின் இயந்திரம் சுழன்றதற்கு எதிர்த்திசையில் அது சுழலும். மெர்லினில் சுக்கான் மிதித்துப் பழகிய காலுக்கு இது முற்றிலும் வேறு விமானம். இறக்கம் சரியில்லை, மீண்டும் எழும்பலாம் என்று வேகம் குறைந்த நிலையில் திடீரென முழு விசை கொடுத்தால், சுழலியின் முறுக்கு விமானத்தையே ஒருபக்கம் கவிழ்த்துவிடக்கூடும். தரை சில அடி தூரத்தில் இருக்கும்போது அதைச் சமாளிக்க நேரம் ஏது?

இவ்வளவும் காய்ந்த ஓடுபாதையில். மலாயாவில் பிற்பகல் இடிமழையும், விடியலுக்கு முன் சுமாத்திரா பக்கமிருந்து வீசும் புயற்காற்றும் சேர்ந்துகொள்ளும். 60ஆம் படையணிக்கு அடுத்து வந்த வேம்பயர் ஜெட்டில் மூக்கின் கீழே சக்கரம் இருந்தது. விமானம் சமமாக நின்றது, பாதை கண்ணுக்குத் தெரிந்தது. வேகத்தைவிட இதுவே பெரிய முன்னேற்றம் என்பேன்.

இந்த ஆபத்தையெல்லாம் தாங்கிப் பறந்ததில் கிடைத்தது என்ன? மரக்கூரையின் மேல் குண்டு போட்டால் கீழே யார் இருந்தார்கள், யாருக்குப் பட்டது என்று மேலிருந்து சொல்ல முடியாது. கேமராவுக்கோ காட்டுக்குள் வெட்டித் திருத்திய பயிர்நிலம் தெரிந்தது. என் கணிப்பில், துப்பாக்கியில்லாத பி.எஸ். 888 போன்றவைதான் கோத்தா திங்கியைத் தாக்கிய நான்கு விமானங்களைவிடப் பயன்பட்டன.

கீழே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பலர் நம் தமிழர்கள். ஒருபக்கம் காடு, மறுபக்கம் ராணுவம். 1950க்குப் பிறகு, கொரில்லாக்களுக்கு மக்களிடமிருந்து உதவி போகாமல் தடுக்க வந்த பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் கம்பிவேலிக்குள் வந்தன. தலைக்குமேல் இரைந்துபோன விமானத்தின் கணக்கு படையணியின் பதிவேட்டில் இருக்கிறது. லயத்தில் இருந்தவர் கேட்டது அதில் இல்லை.

அந்த ஏப்ரல் நாளில் பி.எஸ். 888இன் இயந்திர மூடியில் 'கடைசி!' என்று ஆங்கிலத்தில் தரைப்பணியாளர்கள் எழுதியிருந்தார்கள். கோத்தா திங்கி, குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் அந்த நாட்களைக் கண்ட பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை எழுதி இந்தத் தொடருக்கு அனுப்புங்கள்.