ஐயமும் துணிவும்

ஒரு நற்செயலைத் தொடங்கப் புகுவார்க்குப் புறத்தேயிருந்து வரும் இடையூறுகள் பல. பொருட்குறை, பிறர் பழிச்சொல், காலத்தின் கேடு என்பன அவை. அவை யாவற்றினும் வலியது அகத்தேயிருந்து எழும் குரலொன்று. 'இது நின்னால் ஆவதன்று. நின்னினும் கற்றார் பலர் உளர். நீ பிழைபட்டு நகையாடப்படுவாய்' என்று அஃது ஓவாது உரைக்கும். காலம் நிலைகலங்கிய பொழுது அக்குரல் இன்னும் ஓங்கும். கற்ற கல்வி நாளைக்கு உதவுமோ, உற்ற தொழில் நிலைக்குமோ என்று அறியவொண்ணாத இந்நாளில் இளைஞர் பலர் அதற்கு அஞ்சி முயற்சி கைவிடுதலைக் காண்கின்றேம். அதனை எதிர்கொள்ளுமாறு எங்ஙனம் என்பதற்குத் தமிழ் வரலாற்றில் நல்லதொரு சான்று உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

அதற்குமுன் நம் நூலோர் கூறும் வேறுபாடொன்றை உளங்கொள்ளல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் அளவைகளை விரிக்குமிடத்து, காட்சியின்கண் நிகழும் ஐயத்தையும் திரிபையும் வேறுபிரித்து உணர்த்துவர். மாலை மயங்கும் பொழுதில் சேய்மைக்கண் நிற்பதொன்றைக் கண்டு, 'குற்றியோ மகனோ' என உள்ளம் இருபாலும் ஊசலாடுதல் ஐயம். வழியிற் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுதல் திரிபு. ஐயுற்றவன் அணுகிச் சென்று நோக்குவான். நோக்கத் தெளிவு பிறக்கும். திரிபுற்றவனோ ஓடிவிடுவான், அவனுக்குத் தெளிவு இல்லை. 'யான் இதனை அறிவேனோ' என்பது ஐயம். அது தேடச் செய்யும். 'யான் ஒன்றற்கும் உதவேன்' என்பது திரிபு. அறியாதது ஒன்றைக் கண்டு தன்னை முற்றும் அறிவிலியென்று துணிதலே அது. அகத்தெழும் குரல் இவ்விரண்டனுள் யாதென்று பகுத்துணர்வதே முதற்கண் செயற்பாலது.

இனி வரலாற்றுக்கு வருவாம். 1855-ஆம் ஆண்டு பிறந்த உத்தமதானபுரத்து உ. வே. சாமிநாதையரவர்கள், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டு பாடங் கேட்டனர். 1876-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியர் சிவபதமெய்தினார். அவ்வாண்டிலேயே தாது வருடப் பஞ்சமும் தமிழ்நாட்டை வருத்தத் தொடங்கியது. ஆசிரியரை இழந்த மாணாக்கரைத் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் ஆதரித்து, மேலும் கற்கவும் பிறர்க்குக் கற்பிக்கவும் இடந்தந்தனர். 1880-இல் தியாகராச செட்டியார் தம் பதவியினின்று ஓய்வுபெற்றபொழுது அவர் பரிந்துரைப்படி ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயினர். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் காணச் சென்றனர். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவ, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனத் தாம் கற்றவற்றை ஐயரவர்கள் நிரல்படக் கூறினர். முதலியார் அவற்றிற்கு வியந்திலர். சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கற்றதுண்டோ என்றே வினவினர். ஐயரவர்கள் அவற்றைக் கற்றிலர். பெரும்புலவர் ஒருவர்பாற் பல்லாண்டு பயின்று கல்லூரி ஆசிரியராகவும் அமர்ந்த ஒருவர்க்கு அவ்வினா எத்துணைக் கூரியதாயிருந்திருக்கும்!

அந்நிலையில் மனிதர் செல்லும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. 'இவர் யார் என்னை அளப்பதற்கு' என்று சினந்து அகலுதல் ஒன்று. 'நான் கற்றதெல்லாம் வீண்' என்று நைந்து ஒடுங்குதல் மற்றொன்று. இரண்டும் நான் என்பதனையே நடுவண் நிறுத்துவன. 'யான் வல்லேன்' என்பதும் 'யான் மாட்டேன்' என்பதும் ஆணவத்தின் இருமுகங்களே. முன்னது வெளிப்படை, பின்னது மறைவு. ஐயரவர்கள் இவ்விரண்டினும் நில்லாது, முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியைக் கைக்கொண்டனர். 'யான் எத்தகையேன்' என்னும் வினா, 'இந்நூல் எத்தகையது' என்னும் வினாவாக மாறியது. அம்மாற்றமே வெற்றிக்கு வித்து.

மாறியபின்னும் ஐயம் ஒழிந்ததன்று; பெருகியது. அந்நூல் சமண காவியம். அதன் சமயக் கொள்கைகளும் குறியீடுகளும் அவர் கற்ற நூல்களுள் வாராதவை. நச்சினார்க்கினியர் தம் உரையில் மேற்கோளாகக் காட்டும் தொடர்கள் எந்நூலைச் சார்ந்தன என்பது பல இடத்தும் விளங்கவில்லை. ஏடுகளிலோ மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடில்லை. ஓரேட்டின் பாடம் மற்றோரேட்டில் வேறாயிருந்தது. இவற்றுள் ஒன்றையேனும் வீட்டின் மூலையிலிருந்து தம்மை நொந்துகொண்டு தெளிதல் இயலாது. ஆதலின் அவர் எழுந்து சென்றனர். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடி, தாம் கல்லூரி ஆசிரியர் என்பதையும் பாராது, மாணாக்கர் போலிருந்து வினவித் தெளிந்தனர். மேற்கோள்களைத் தொகுத்து அகராதி அமைத்துக்கொண்டனர். திருவாவடுதுறை மடத்து ஏடுகளை ஆராய்ந்தபொழுது எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் வெளிப்பட, முன்னர் விளங்காதிருந்த மேற்கோள்கள் பல தத்தம் இடத்தைக் காட்டின. ஓர் ஐயத்தைத் தீர்க்கச் சென்றவர்க்குச் சங்க நூற்களஞ்சியமே திறந்தது என்க.

இடையே மற்றொரு சோதனையும் வந்தது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் தொல்காப்பியம், வீரசோழியம் முதலியவற்றைப் பதிப்பித்துப் புகழ்பெற்றவர். ஐயரவர்களினும் ஆண்டில் மூத்தவர். அவர் சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி ஏட்டைக் கேட்டனர். பழகாத தொழிலில் புகுந்த ஒருவர், வல்லவரும் மூத்தவருமாகிய ஒருவர் கேட்கும்பொழுது, 'அவரே செய்க' என்று விலகுதல் எளிது. அது பணிவு போலவும் தோன்றும். எனினும் தாம் பட்ட உழைப்பின் அளவு அறிந்த ஐயரவர்கள் விட்டுக்கொடுத்திலர். பணிவு வேறு, துணிவின்மை வேறு என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேறி வெளிவந்தது.

வெளிவந்தபின் கண்டனங்களும் எழுந்தன. பிழையென்று சிலவற்றைக் காட்டித் தூற்றினார் சிலர். அவற்றிற்கு விடையெழுதுதலிலேயே காலத்தைப் போக்காது, அவர் அடுத்த நூலை எடுத்துக்கொண்டனர். 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. சிந்தாமணியையும் திருத்தி 1907-இல் இரண்டாம் முறை பதிப்பித்தனர். பிழையுண்டு என்று பிறர் சொன்னதற்கும், பிழையுண்டோ என்று தம் உள்ளம் சொன்னதற்கும் அவர் தந்த விடை அத்திருத்தமே. தாம் குற்றமற்றவர் என்று வாதிட்டாரல்லர். குற்றம் நேருமென்று அஞ்சி நூலை மூடிவைத்தாருமல்லர்.

தம் அநுபவமொன்றைச் சொல்லுதல் இவ்விடத்துப் பிழையாகாது. திருமடத்திற் பயின்று வெளிவந்து பள்ளியொன்றில் ஆசிரியனாக அமர்ந்த முதற்றிங்களில், மாணவன் ஒருவன் ஒரு சொற்குப் பொருள் வினவினான். யாம் அறியேம், அறிந்தாற்போல ஒன்றைச் சொன்னேம். அன்றிரவு உறக்கமில்லை. 'நீ ஆசிரியனல்லை' என்று நெஞ்சு விடியுமளவும் இடித்தது. பணியைத் துறந்து ஊர் திரும்பவும் எண்ணினேம். வைகறையில் நிகண்டை எடுத்துப் பார்த்தேம். அரை நாழிகையில் பொருள் கிட்டியது. வகுப்பிற் சென்று, 'நேற்றுச் சொன்னது பிழை' என்றேம். மாணவர் ஒருவரும் நகைத்திலர். வினவிய சிறுவன் மட்டும் தன் ஏட்டில் பழையதை அடித்துப் புதியதை எழுதிக்கொண்டான். அரை நாழிகைத் தேட்டத்தில் தீர்வதற்காக ஓரிரவு முழுதும் நம்மையே வைதுகொண்டோமே என்று அன்று நாணினேம்.

ஐயுறுதலை நம் சமயம் இழித்ததில்லை. சித்தியாரை அருளிய அருணந்தியாரே, தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை முன்னிலைப்படுத்தி வினாக்கள் விடுத்து இருபா இருபஃது என்னும் நூலை இயற்றினர். ஐயம் குருவின் முன்னும் நூலின் முன்னும் வைக்கப்படும்பொழுது ஞானத்துக்கு வாயிலாகும். தன் நெஞ்சினுள்ளேயே பூட்டிவைக்கப்படும்பொழுது நஞ்சாகும்.

ஆதலின், இளைஞர்காள், 'உன்னால் ஆகுமோ' என்று உள்ளம் வினவுமாயின் அதனோடு வழக்காடற்க. அதற்கு அடிபணியவும் வேண்டா. 'எது ஆகாது? எங்கே அறியேன்? யாரைக் கேட்பது?' என்று திருப்பி வினவுக. விடை கூறக்கூடிய ஐயமாயின் அஃது உமக்கு வழிகாட்டும். விடை கூறமாட்டாது வைதலே செய்யுமாயின் அது திரிபென்று அறிந்து விளக்கை ஏற்றுக. பாம்பென்று கண்டது கயிறாதலை விளக்கே காட்டும். அவ்விளக்கினை ஏற்றுதற்குத் திருவருள் துணைநிற்பதாக.