முதுகில் ஊசி போட்டால் முதியவர்களுக்கு மனக்குழப்பம் வராதா? ஆய்வுகள் சொல்வது என்ன?

இடுப்பு எலும்பு உடைந்த பாட்டிக்கு ஆபரேஷன் என்றதும் பல வீடுகளில் கேட்பது இதைத்தான்: "முழு மயக்கம் கொடுத்தா ஞாபகம் போயிடுமாமே, முதுகுல ஊசி போட முடியாதா டாக்டர்?"

அமெரிக்கா, கனடாவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 1,600 இடுப்பு எலும்பு முறிவு நோயாளிகளிடம் நடந்த 'ரீகெய்ன்' ஆய்வு 2021-ல் வெளியானது. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் திடீர் மனக்குழப்பம், அதாவது 'டெலிரியம்', முதுகில் ஊசி போட்டவர்களில் 20.5% பேருக்கும் முழு மயக்கம் பெற்றவர்களில் 19.7% பேருக்கும் வந்தது. கிட்டத்தட்ட ஒன்றுதான். சீனாவில் 65 வயதைத் தொட்ட, தாண்டிய 950 பேரிடம் நடந்த ஆய்விலும் பெரிய வித்தியாசம் இல்லை.

வயது, ஏற்கெனவே இருக்கும் மறதி, தொற்று, வலி, தூக்கமின்மை ஆகியவை முக்கியக் காரணங்கள். எனவே மறதி இருந்தாலோ, தூக்க மாத்திரை சாப்பிட்டாலோ மயக்க டாக்டரிடம் முன்பே சொல்லிடுங்க. கண்விழித்ததும் மூக்குக்கண்ணாடி, காது மெஷினைக் கொடுங்க. சம்பந்தமில்லாமல் பேசினால் மட்டுமல்ல, வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டாலும் நர்ஸிடம் சொல்லணும். இந்த அமைதியைத்தான் பலரும் 'நல்லா தூங்குறாங்க' என்று விட்டுவிடுகிறார்கள்.