பாதிராத்திரி மணி

நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்துக் கதையை எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காளமேகப் புலவர் நல்ல பசியோடு அந்தச் சத்திரத்துக்குப் போய்ச் சேருகிறார். இலை போடுகிற வழியாகத் தெரியவில்லை. அரிசி வருவதற்கே அந்தியாகிறது, அது சோறாகி இலைக்கு வருவதற்குள் விடிந்துவிடுகிறது என்று ஒரு வெண்பாவில் சத்திரத்தின் மானத்தை வாங்கிவிடுகிறார். காத்தான் பதறிப்போய்க் காலில் விழ, புலவர் அதே வெண்பாவுக்கு வேறு பொருள் சொல்கிறார். பஞ்சகாலத்திலும் இங்கே அரிசி வந்து குவியும், ஊர்ப்பசியே அடங்கும், சோற்றின் வெண்மைக்கு முன்னால் வெள்ளி நட்சத்திரமும் எம்மாத்திரம் என்று. ஒரு எழுத்தும் மாறவில்லை. வசை வாழ்த்தாகிவிட்டது.

காளமேகம் 15ஆம் நூற்றாண்டுக்காரர் என்பார்கள். கதை நடந்ததோ இல்லையோ, எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. சத்திரத்தில் தங்கினவர் ஒருவர் வாய்திறந்து குறை சொல்லியிருக்கிறார். சத்திரங்களைப் பற்றி நமக்கு இருக்கிற எழுத்தெல்லாம் பெரும்பாலும் கட்டினவர்களின் எழுத்து: கல்வெட்டு, தானசாசனம், கணக்கு, கடிதம். சாப்பிட்டவன் சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டிவிட்டான். அவன் புலவனாக இருந்தால்தான் ஏதாவது மிஞ்சும். சென்னைக் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் காசிக்குப் புறப்பட்டு அடுத்த ஆண்டு திரும்பியவர், வழியில் எங்கே தங்கல், எங்கே தண்ணீர் என்று நாள்தோறும் தெலுங்கில் எழுதி வைத்தார். வடக்கே போன அவரைப் போலத் தெற்கே சேதுவுக்கு நடந்தவர்களில் எழுதி வைத்தவர்கள் மிகக் குறைவு. நடந்தவர்களோ ஆயிரக்கணக்கில்.

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போகிற பழைய சாலை ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக இறங்கிக் கடற்கரையைத் தொடும். பிறகு மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலோரமாகவே போய் ராமநாதபுரத்தைப் பிடிக்கும். இன்றைக்கு ஏறக்குறைய அதே தடத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. இந்தத் தடத்தில்தான் தஞ்சை மராட்டிய மன்னர்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வரிசையாகச் சத்திரங்களைக் கட்டினார்கள். பிரதாபசிம்மன் (1739–1763) காலத்தில் தொடங்கிய வேலை இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்துக்கு அப்புறமும் நின்றுவிடவில்லை. ஒரு நாள் நடைக்கு ஒன்று என்பதுதான் உத்தேசக் கணக்கு. தஞ்சாவூரில் காலையில் கிளம்பினால் பொழுதுசாய ஒரத்தநாடு. அங்கே படுத்து எழுந்தால் மறுநாள் பட்டுக்கோட்டைப் பக்கம். அதற்கும் மறுநாள் உப்புக்காற்று.

பெரும்பாலான சத்திரங்களுக்குப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள், ராஜாமடத்தில் மோகனாம்பாள். பட்டத்து அரசிகள் பெயரும் உண்டு, அரண்மனையில் இருந்தும் முறைப்படி அரசியாகாத பெண்கள் பெயரும் உண்டு. முக்தாம்பாள் சரபோஜியின் அன்புக்கு உரியவர். சாகும்போது தன் பெயரில் ஒரு சத்திரம் வேண்டும் என்று கேட்டார் என்பது வழிவழியாக வரும் பேச்சு. வாரிசுப் பட்டியலில் இடம் கிடைக்காத பெயர்களுக்கு அன்னதானத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஊர்ப்பெயரையும் முத்தாம்பாள்புரம், யமுனாம்பாள்புரம் என்று மாற்றிப் பார்த்தார்கள். ஜனங்கள் ஒரத்தநாட்டை ஒரத்தநாடு என்றேதான் சொன்னார்கள். கடற்கரையில் சேதுபாவாசத்திரம் மட்டும் சத்திரத்தின் பெயரையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டுவிட்டது.

இந்தச் சத்திரங்களைப் பற்றிய ஆகச் சிறந்த விவரணை 1801 ஜனவரியில் எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் சரபோஜி, பெற்றவர் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரின். அப்போது சரபோஜிக்கு இருபத்துமூன்று வயது. பட்டத்துக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 1799 உடன்படிக்கையில் நாட்டைக் கம்பெனியிடம் கொடுத்தாகிவிட்டது. கையில் இருப்பது கோட்டை, பட்டம், ஓய்வூதியம். படை இல்லை, வரி இல்லை, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. ராஜா என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்தவற்றில் ஒன்று சோறு போடுவது. அந்தச் சோறு விளைகிற சர்வமானிய கிராமங்களையும் கம்பெனி எடுத்துக்கொண்டால் என்னாவது? அதனால்தான் அந்தக் கடிதம்.

சத்திரங்கள் பலவாக இருந்தாலும் ஒன்றை விவரித்தால் எல்லாவற்றையும் விவரித்த மாதிரி என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எந்தத் தீவின் கடற்கரையில் இறங்கினாலும் அதே படுக்கை, அதே காலைச் சாப்பாடு என்பதுதானே இன்றைய தொடர் ஹோட்டல்கள் விற்கிற சரக்கு! காசு வாங்காமல் அதைச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு சத்திரத்திலும் தங்குமிடம், கோயில், பள்ளிக்கூடம். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லாருக்கும் சோறு. ஜோகிகள், ஜங்கமர், பைராகிகள் என்று பரதேசிக் கூட்டம் ஒருவர் விடாமல் கணக்கில் உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமான்களும் அளந்து கொடுத்துவிடுவார்கள். உலுப்பை என்று நம் பக்கத்தில் இதற்குப் பெயர்.

பிறகு வருகிறது மணி. சாப்பாடு நள்ளிரவு வரைக்கும் நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று உரக்கக் கூவுவார்கள். காளமேகம் ஒரு முந்நூறு வருஷம் பிந்திப் பிறந்து இந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

கடிதத்தின் அடுத்த பகுதிதான் என்னை நிறுத்தியது. வழியில் காய்ச்சலில் விழுந்தவனுக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும், எழுந்து நடக்கிற வரைக்கும். வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் தெரிந்த வைத்தியர்கள் அங்கேயே இருப்பார்கள். கர்ப்பிணிகளுக்குக் கவனிப்பு, குழந்தைகளுக்குப் பால். வழிப்போக்கர்கள் விட்டுச்சென்ற அநாதைப் பிள்ளைகளை வாத்தியார் பொறுப்பில் ஒப்படைத்து, மூன்று வேளைச் சோறும் துணியும் கொடுத்து, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, விரும்பிய படிப்பைச் சொல்லிக் கொடுத்து, கல்யாணச் செலவையும் ஏற்றுக்கொள்வார்களாம். செத்துப் போனால் அவரவர் முறைப்படி காரியம்.

நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் என்பதைக் கற்பனையில் எழுதிவிட முடியாது. யாரோ ஒருவர் எண்ணெய்க்குக் கணக்கு எழுதியிருக்க வேண்டும். தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் மோடி எழுத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அரண்மனை வாழ்க்கையில் காசு கைமாறிய இடமெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. அதனால் கடிதத்தை வெறும் விளம்பரம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இது கேட்டு வாங்குகிறவர் எழுதிய கடிதம் என்பதையும் மறக்கக்கூடாது. எல்லாருக்கும் சோறு என்று எழுதியிருக்கிறார், எல்லாருக்கும் ஒரே பந்தி என்று எழுதவில்லை. உலுப்பை எதற்கு? இன்னொருவர் கைபட்ட சோற்றைத் தொடாதவர்களுக்கு. கடைசி ஆளான பறையருக்கு எந்த இடத்தில், எந்த நேரத்தில் சோறு போட்டார்கள் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. அந்த நள்ளிரவு மணி யாருக்காக அடித்தது என்று யோசிக்க ஆரம்பித்தால் அது வேறு மாதிரி கேட்கிறது.

கடிதம் வேலை செய்தது. சத்திரங்கள் சரபோஜி பொறுப்பிலேயே நீடித்தன. அடுத்த வருஷமே, 1802இல், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் திறந்தாயிற்று. வரிசையிலேயே பெரியதும் அழகானதும் அதுதான். முகப்பில் சக்கரமும் குதிரைகளும் யானைகளும் செதுக்கி, கட்டிடமே தேர் மாதிரி கிளம்பத் தயாராக நிற்கும். உள்ளே மாடியும் முற்றங்களும் மரவேலையும். நடந்து களைத்து வருகிறவனுக்கு எதிரில் தேரை நிறுத்தி வைத்தவர் யாரென்று தெரியாது. நல்ல குறும்புக்காரராக இருந்திருப்பார். சத்திரத்தோடு பள்ளிக்கூடமும் வைத்தியமும் இருந்தன. இதே கடற்கரையில், மல்லிப்பட்டினம் பக்கத்தில், நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட 1814இல் சரபோஜி எட்டு அடுக்கில் மனோரா என்ற கோபுரத்தையும் எழுப்பினார். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் போவது அதற்குத்தான். பட்டுக்கோட்டைக்காரனுக்கு நெப்போலியன் என்ன கெடுதல் செய்தானோ.

1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி பட்டத்தையே எடுத்துக்கொண்டது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து ரயில் கடலைத் தாண்டியது. சேதுவுக்குப் போகிறவன் இனி ஒரத்தநாட்டில் படுக்க வேண்டியதில்லை. விருந்தாளி ரயிலேறிப் போய்விட்டான், ஆனால் அவனுக்காக எழுதி வைத்த நஞ்சை அங்கேயேதான் இருந்தது. வருஷா வருஷம் நெல் விளைந்தது. அந்த நெல்லை யார் சாப்பிடுவது?

நிர்வாகம் கடைசியில் ஜில்லா போர்டின் கைக்கு வந்தபோது சத்திரங்களின் வேலை பாதிக்குமேல் மாறிவிட்டது. ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் பள்ளிகளும் இலவச மாணவர் விடுதிகளும் நடந்தன. திருவையாற்றில் 1881இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரி இதே அறக்கொடையில் நடந்தது. அந்த விடுதிகளில் இலவசச் சாப்பாடு பிராமண மாணவர்களுக்கு மட்டும் என்று நடைமுறை ஆகியிருந்தது. 1801இல் வெள்ளைக்காரரிடம் பறையர் உட்பட எல்லாருக்கும் என்று எழுதிக்கொடுத்துக் காப்பாற்றிய அதே கொடை! இதை மன்னரின் விருப்பம் என்றே பலர் நம்பினார்கள். நூறு வருஷம் ஒரு பந்தியில் ஒரே சாதி உட்கார்ந்தால் அது சாசனம் மாதிரி ஆகிவிடும்போலிருக்கிறது.

இதை உடைத்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். நீதிக்கட்சிக்காரர், 1920களில் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவர். ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளைப் பிராமணரல்லாத பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனாரோடு சேர்ந்து திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் படிக்க வழி செய்தார். எங்கள் பக்கத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் முடித்த எத்தனையோ பேர் அந்த விடுதிச் சோற்றில் வளர்ந்தவர்கள். அவர் 1940 மார்ச் 1ஆம் தேதி லண்டன் போகும் வழியில், ஓமன் வளைகுடாவில் காணாமல் போன ஹன்னிபால் விமானத்தில் போய்விட்டார். சரபோஜியின் சொல்லைச் சரபோஜியின் பெயர் சொல்லிச் சாப்பிட்டவர்களிடமிருந்து மீட்டுக் கொடுத்தவர் என்று அவரை நான் நினைத்துக்கொள்வேன். ராஜாக்களை அவர் அவ்வளவாக மதித்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

சத்திர நிலங்கள் இன்றும் இருக்கின்றன. கலெக்டர் ஆபீசில் அதற்கென்று தனியாக ஒரு நிர்வாகமும் இருக்கிறது. முக்தாம்பாள் சத்திரமும் நெடுங்காலம் மாணவர் விடுதியாகவே இருந்தது. நான் கடைசியாகப் போனபோது குதிரைகளின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சக்கரத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.

என் அப்பாவும் ஐம்பதுகளில் இப்படியொரு சத்திரத்து விடுதியில் தங்கிப் படித்தவர்தான். 1801 கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, அங்கே எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார்.

"ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ட்ரங்குப் பெட்டி. இது மட்டும்தான் நாம கொண்டுபோவணும். பாக்கியெல்லாம் ராஜா குடுத்துருவாரு."

"எந்த ராஜாப்பா?"

"அது யாருக்குத் தெரியும். ராஜான்னுதான் சொல்லிக்குவோம்."

"எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுவாங்களா?"

"எண்ணெயா?" என்று சிரித்தார். "தீவாளிக்கு ஊருக்கு வந்தா ஒங்க ஆத்தா தேச்சு விடும். அங்க யாரு தேய்க்கிறா? சோறு நல்லாத்தான் இருக்கும், குத்தம் சொல்லக்கூடாது. ஆனா ராத்திரிச் சாப்பாடு மட்டும் எந்நாளும் லேட்டு. பாதிப் பயலுவ புஸ்தகத்து மேலயே தூங்கிருவானுவ. அப்புறம் சமையக்காரரு வந்து ஒவ்வொருத்தனா தட்டி எழுப்புவாரு, எலேய், எந்திரிச்சு சாப்ட்டுட்டுப் படுங்கடான்னு."