குடலும் மூட்டும்

வயிற்றளைச்சல் தணிந்து சில நாள்கள் சென்றபின் முழங்காலும் கணுக்காலும் வீங்குமாயின், இரண்டுக்கும் மூலம் ஒன்றே என எவரும் எளிதில் எண்ணமாட்டார். இத்தொடர்பை வைத்தியர் உற்றுநோக்கும்படி செய்தவை முதலாம் உலகப் போரின் களங்களே. கெட்ட நீரும் நெருக்கமும் ஈக்களும் உள்ள இடத்தில் வயிற்றளைச்சலுக்குக் குறைவேது?

1916ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படையினரிடையே பீசங்கே, லெருவா என்னும் வைத்தியர் இருவர் இந்நோயாளர் நால்வரைக் கண்டெழுதினர். அதே ஆண்டில் எதிரணியைச் சேர்ந்த ஜேர்மன் இராணுவ வைத்தியர் ஹான்ஸ் ரைற்றரும், பால்கன் போர்முனையில் ஓர் அதிகாரிக்கு வயிற்றளைச்சலின்பின் சிறுநீர்வழி அழற்சியும் கண்சிவப்பும் மூட்டுவீக்கமும் ஒருங்கே தோன்றியதை விவரித்தார். சுருள்வடிவக் கிருமியே காரணம் என அவர் கொண்டது பிழை. எனினும் நோய்க்கு நிலைத்தது அவர் பெயரே. புகழ் எப்போதும் நீதி பார்ப்பதில்லை.

1944இல் பின்லாந்தில் பரவிய வயிற்றளைச்சலுக்கு ஏறத்தாழ 150,000 பேர் ஆளாயினர். அவருள் 344 பேருக்கு இந்நோய் கண்டதென 1948இல் பாரோனென் எழுதினார். ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேர்! ஏனையோர் தப்பியது எவ்வாறு?

விடையின் ஒரு பாதி 1973இல் கிடைத்தது. எச்.எல்.ஏ. பி27 என்னும் பரம்பரைக் கூறு இத்தகைய நோயாளரிடம் மிகுதியாகக் காணப்பட்டது. பின்னர் பெல்ஜியத்தின் கென்ற் நகரில் மீலன்ற்சும் வேய்சும் முள்ளந்தண்டு, மூட்டு அழற்சியுற்றோரின் குடலைக் கருவிகொண்டு நோக்கினர். வயிற்றில் யாதொரு நோவும் உணராத பலரிடத்தும் குடல் அழன்றிருந்தது! 1994இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை மேலும் தெளிவாக்கிற்று. மனிதரின் பி27 கூறு புகுத்தப்பட்ட எலிகள் கிருமியே அற்ற கூட்டில் வளர்ந்தபோது, குடலிலோ மூட்டிலோ அழற்சி தோன்றவில்லை. சாதாரண சூழலில் வளர்ந்தவற்றுக்கு இரண்டும் தோன்றின. பரம்பரை மட்டும் போதாது; குடலில் வாழும் நுண்ணுயிரும் வேண்டும்.

ரைற்றரோ நாற்சி ஆட்சியில் அரச சுகாதார அலுவலகத்தின் தலைவரானார். புக்கன்வால்ட் சிறைமுகாமில் கைதிகள்மீது நடந்த தைபசு ஆய்வுகளோடும் தொடர்புற்றார். 1942இல் அமெரிக்காவில் அவர் பெயரை இந்நோய்க்கு வழங்கிய கட்டுரையாசிரியர் இருவருள் ஒருவர் எங்கிள்மன். அப்பெயரை நீக்கவேண்டுமென 2007இல் கோரியோருள் அவரும் ஒருவர். இன்று வைத்தியர் வழங்கும் ‘எதிர்வினை மூட்டழற்சி’ என்னும் பெயரோ, 1969இல் வேறொரு குடற்கிருமியை ஆராய்ந்த பின்லாந்து அறிஞர் இட்டது.