பதினாறு பக்கச் சான்று



தமிழ் எழுத்தில் முதன்முதல் அச்சேறிய நூல் எது? இவ்வினாவுக்குப் பழைய வரலாற்று நூல்கள் பலவும், 1577-ஆம் ஆண்டிற் கொச்சியில் அச்சான ஒரு கிறித்தவ மறைநூல் என்றே விடை கூறிவந்தன. கூறியவர்கள் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு கூறினாரல்லர். முன்னவர் எழுதியதைப் பின்னவர் பெயர்த்தெழுதினார். அவரை நம்பி அடுத்தவர் எழுதினார். பத்துப் பேர் சொன்னதால் ஒரு செய்தி பத்து மடங்கு உண்மையாகிவிடுவதில்லை. பத்துப் பேரும் ஒருவரிடமே கேட்டிருக்கலாமல்லவா?

1952-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலக இதழில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. சூர்ஹாமர் என்னும் ஜெர்மானியப் பாதிரியாரும் காட்ரெல் என்பவரும் சேர்ந்து எழுதியது அது. அந்நூலகத்தில் இருந்த சிறு தமிழ் நூலொன்றை அவர்கள் எழுத்தெழுத்தாக ஆராய்ந்திருந்தார்கள். பக்கங்கள் பதினாறே. பெயர் ‘தம்பிரான் வணக்கம்.’ 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. போர்த்துக்கேசிய மொழியிலிருந்து அதனைத் தமிழாக்கியவர், அண்டிறிக்கிப் பாதிரியார் என்று தம் பெயரையும் தமிழாக்கிக்கொண்ட என்றீக்கு என்றீக்கசு. அச்சுப் பணிக்குப் பொருள் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். தமிழ் அச்சின் வரலாற்றில் பாதிரிமாரின் பெயர்கள் நிற்கின்றன. இக்கடற்கரை மக்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. இது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே தோன்றும்.

நூலின் இறுதியில்தான் முடிச்சு அவிழ்கிறது. அங்கே இருவகை எழுத்துகளை மாதிரியாகக் காட்டியிருக்கிறார்கள். ஒன்று 1577-இல் கோவாவில் செய்த எழுத்து; மற்றது 1578-இல் கொல்லத்தில் செய்த எழுத்து. முன்னதைச் செய்தவர் கொன்சால்வசு என்னும் ஸ்பானியர். பின்னதைச் செய்தவர் பாரியா. ஆக, 1577 என்பது எழுத்துச் செய்த ஆண்டு. எழுத்துப் பிறந்த ஆண்டையே நூல் பிறந்த ஆண்டாகப் பிறர் எண்ணிவிட்டனர் என்று கொள்வதே பொருத்தமாகும்.

இந்நூலின் அச்செழுத்துகள் வேறொரு செய்தியையும் சொல்கின்றன. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. ஓலையில் எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று ஏடெழுதுவோர் அதனை விட்டுவிடுவது வழக்கம். உலோகத்தில் எழுத்து வார்ப்பவருக்கு அந்த அச்சம் எதற்கு? ஆயினும் ஓலையிற் கண்டவாறே வார்த்தனர். புதிய கருவி வந்தவுடனே பழைய கை மாறிவிடவில்லை. அச்சு வந்ததும் எல்லாம் ஒரே நாளில் மாறியதாக எழுதுவோர் இப்பதினாறு பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

தமிழ்மொழி அச்சேறியது இதற்கும் முன்பே. 1554-இல் லிஸ்பன் நகரில் ஒரு மறைநூல் அச்சாயிற்று. சொல் தமிழ்; எழுத்தோ உரோமன். ஆகவே அதன் கணக்கு வேறு.

இவ்வரலாற்றில் என்னை வருத்துவது ஒன்று உண்டு. கொல்லத்தில் அச்சான நூலைக் காணக் கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது. 1586-இல் அச்சான ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. நம் நாட்டு வெப்பமும் செல்லும் பூச்சியும் காகிதத்தை விட்டுவைப்பதில்லை என்பது உண்மையே. பழைய நூலைக் கடைக்காரருக்கு நிறுத்துக் கொடுப்பது பூச்சியன்று.

இங்ஙனம் அயல்நாட்டில் தங்கிய நூல்களைத் தேடிச் சென்றவர்களுள் ஒருவர் தனிநாயக அடிகளார். அந்தாம் தெ புரோயென்சா என்பவர் தொகுத்த தமிழ்–போர்த்துக்கேசிய அகராதி, அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வத்திக்கானில் இருந்த அதன் படியைக் கொண்டு, மூல அச்சின் உருவம் மாறாமல், 1966-இல் கோலாலம்பூரிலிருந்து அடிகளார் அதனை மீண்டும் வெளியிட்டார். அப்பழைய எழுத்துகளை இன்று கல்லூரி மாணவர் ஒருவர் தம் மேசைமேல் வைத்துக்கொண்டே படிக்கலாம்.