கால்வாய் வெட்டிய திருச்சபை

ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிக் கடலில் கலக்கும் அடையாற்றை, சற்று மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய் கடந்து செல்கிறது. இன்று சாக்கடையாகக் கிடக்கும் அந்தக் கால்வாயின் அடையாறு - கூவம் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதே கால்வாய்தான் வடக்கே, ஆந்திராவின் ஒங்கோல் பாப்டிஸ்ட் சபையின் வரலாற்றையும் மாற்றியது.

1867 ஜனவரி 1 அன்று எட்டே பேருடன் அந்தச் சபை தொடங்கியது. போதகர், அமெரிக்க மிஷனரி ஜான் கிளஃப். அங்கே திரளாக வந்தவர்கள் மாதிகர்கள். தோல் வேலை செய்ததால் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் உயர்சாதியினர். கிளஃப் மாதிகர்களைக் கைவிடவில்லை.

பஞ்சம் வந்தது. கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை கிளஃப் எடுத்தார். ஆயிரக்கணக்கானோர் அந்தக் கூலியில் உயிர் பிழைத்தார்கள். பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்று, பஞ்ச காலத்தில் அவர் மறுத்துவிட்டார்.

நிவாரண வேலை முடிந்த பிறகும் கூட்டம் குறையவில்லை. 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள்.

பஞ்சத்தில் உயிர் காத்த நன்றியும் அதில் இருந்திருக்கும். ஆனால் கூலி நின்ற பின்னும் வந்தவர்களை வெறும் அரிசி இழுத்து வந்தது என்று சொல்ல முடியாது. ஊர் ஒதுக்கிவைத்த மனிதர்களுக்கு, சமமாக உட்கார ஓர் இடம் கிடைத்தது. அதுதான் பெரிய காரணம்.