டொல்பின் வேனின் என்ஜின்: ஜப்பானிலிருந்து கற்பிட்டி வரை

1977ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 'எல்' என்ற வரிசையில் நாலு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்றைச் செய்து தன் கிரௌன் காரில் பொருத்தியது. இலங்கையில் ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் இன்று சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை, தென்னை நிழல் உள்ள முற்றங்களில் எல்லாம் ஒரு பழைய ஹயேஸ் வேன் நிற்கிறது.

அந்த முதல் என்ஜின் 2188 சி.சி. அதன் தம்பிகள்தான் நம்மவர் வாயில் புழங்கும் 2எல், 3எல், 5எல். முறையே 2446, 2779, 2986 சி.சி. 1989இல் ஜப்பானில் வெளிவந்து, இங்கே டொல்பின் என்று பெயரெடுத்த ஹயேஸுக்குள் இவற்றில் எதுவும் இருக்கலாம். கணினி கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபத்திரண்டில் ஒரு பங்காக நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிறக்கும் 500 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் டீசலைச் சீறவிட்டு எரிப்பதுதான் அதன் வேலை. ருடோல்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் ஓட்டிக் காட்டியதும் இந்தத் தத்துவத்தைத்தான். ஆனால் அவருடைய என்ஜின் ஆளை விட உயரமானது, வாகனத்துக்குள் அடங்காதது. பொஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்பைப் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் டீசல் வீதிக்கு வந்தது. நம் வேனில் நாலு இரும்புக் குழாய்கள் கிளம்பும் அந்தப் பம்ப், பொஷ்ஷின் வி.ஈ. வகை; ஜப்பானின் டென்சோ செய்து கொடுத்தது.

இந்தப் பம்ப் வேலைசெய்ய மின்சாரம் ஒரே இடத்தில்தான் வேண்டும். சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று சத்தமிட்டு டீசலுக்கு வழிவிடும் சோலனோயிட் அது. மற்றதெல்லாம் பல்லும் பெல்ட்டும் அழுத்தமும். வீட்டு முற்றத்தில் நின்று பழுது பார்க்கக்கூடிய கடைசித் தலைமுறை என்ஜின் என்று இதைச் சொல்வேன்.

இவ்வளவு நல்ல சாமானை ஜப்பான்காரர் ஏன் விட்டார்கள்? புகைதான் காரணம். 1999இல் டோக்கியோ ஆளுநர் இஷிஹாரா ஷிந்தாரோ, டீசல் கரி நிரப்பிய பிளாஸ்டிக் போத்தலைச் செய்தியாளர்கள் முன் ஆட்டிக் காட்டினார். 2003 ஒக்டோபர் 1 முதல் டோக்கியோ, சைத்தாமா, சிபா, கனகாவா ஆகிய நான்கு இடங்களிலும், கரித்துகள் விதிக்கு உட்படாத டீசல் லொறிகளும் பஸ்களும் ஓடத் தடை வந்தது. அதற்கு முன்பே 1992இல் ஒரு புகைச் சட்டம். 2001இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. ஓடத் தெம்புள்ள என்ஜின்கள் வயதாகும் முன்பே அங்கிருந்து கழற்றப்பட்டு, கொள்கலன்களில் ஏறிக் கொழும்புக்கு வந்தன. நகரக் காற்றுக்கு ஆகாது என்று அங்கே ஒதுக்கப்பட்டது, இங்கே ஒரு குடும்பத்துக்கு வருமானம் ஆனது.

கொழும்பில் அதன் தங்குமிடம் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தை. புத்தளத்திலிருந்து என்ஜின் வாங்கப் போகிறவர்கள் ஒரு பாஸை, அதாவது மெக்கானிக்கை, கூட்டிப் போவார்கள். பாஸ் முதலில் செய்வது, என்ஜினை ஓடவிட்டு ஒயில் மூடியைத் திறந்து பார்ப்பது. புகை குப்பென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. பேசாமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். தெரியாதவர்கள் தவறவிடுவது டைமிங் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் அதை மாற்றச் சொல்லி டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். கழற்றி வந்த என்ஜினுக்கு ஏது டேஷ்போர்ட்? அது எத்தனை ஆயிரம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஆகவே வண்டியில் ஏற்றும் முன்பே புதுப் பெல்ட் போட வேண்டும். வாகனப் புத்தகத்தில் என்ஜின் இலக்கத்தை மாற்றிப் பதிவதையும் அப்போதே முடித்துவிட வேண்டும். வேனை விற்கும் நாளில் அந்த இலக்கம்தான் முதலில் பார்க்கப்படும்.

இனி அது கற்பிட்டிக்கு வருகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல் திட்டு. காற்றில் உப்பு. புத்தளத்து உப்பளங்களைத் தாண்டி வரும் வண்டியின் அடித்தகட்டில் எப்போதும் ஒரு ஈரம் ஒட்டியிருக்கும். இந்தக் கரையில் டீசல் என்ஜினைக் கொல்வது கிலோமீட்டர் அல்ல, தண்ணீர்தான் என்பது நான் பார்த்துப் பார்த்து வந்த முடிவு. ஹெட்டைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு ஒரு இளம் பாஸ் வேன்காரரிடம், "இது ஓடிச் செத்தது இல்ல நானா, தண்ணியில செத்தது" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், இரண்டு வால்வுகளுக்கு நடுவே, மயிரிழை போல ஒரு வெடிப்பு.

முதல் தண்ணீர் கிணற்றுத் தண்ணீர். அந்த வெடிப்பின் பிறப்பிடம் அதுதான். இந்தப் பகுதியின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். அருவக்காலுவில் அதை வெட்டியெடுத்து ரயிலில் ஏற்றிப் பாலாவிக்குக் கொண்டுபோய்த்தான் சீமெந்து செய்தார்கள். அந்தக் கல்லில் ஊறிய தண்ணீர் கடினத் தண்ணீர். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும். வழியில் ரேடியேற்றர் கொதித்தால், பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி மொண்டு ஊற்றுகிறோம். கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. வெளியே உப்புக்காற்று அதன் தகடுகளைத் தின்கிறது. சூடு வெளியேற வழியில்லை. எல் வரிசையின் ஹெட் அதிகச் சூட்டைப் பொறுக்காது என்பது உலகமெங்கும் தெரிந்த குறை. சூடேறிய ஹெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது வெடிக்க வேறெதுவும் வேண்டாம்.

வீட்டில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். என்ஜின் ஆறிய பின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். கழுத்தில் விடாமல் குமிழி வந்தால் எரிவாயு தண்ணீருக்குள் கசிகிறது: கேஸ்கெட் போயிருக்கும், அல்லது ஹெட் வெடித்திருக்கும். ஒயில் குச்சியில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தால் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கிவிட்டது. அதற்கு மேல் ஒரு நிமிடமும் ஓட்டக்கூடாது. வராமல் தடுக்க, டிஸ்ட்டில்ட் தண்ணீரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றி, இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றினால் போதும். ஒரு ஹெட்டின் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே அல்ல.

இரண்டாவது தண்ணீர் உப்புக்காற்றின் ஈரம். அது செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரிவதில்லை. பற்றரியிலிருந்து பொடிக்கும், பொடியிலிருந்து என்ஜினுக்கும் போகும் ஏர்த் வயரின் முனைகள் பச்சை பூத்துவிடும். காலையில் ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுற்றும். ஹீட்டர் பிளக் சரியாகச் சூடேறாது. வெள்ளைப் புகை வரும், என்ஜின் பிடிக்காது. ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். உப்புத்தாள் தேய்த்துக் கொஞ்சம் கிரீஸ் பூசுவதோடு முடியவேண்டிய வேலை அது. ஹீட்டர் பிளக்கில் சந்தேகம் என்றால் நாலையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பற்றரியின் பொசிடிவ் முனையிலிருந்து ஒரு 12 வோல்ட் பல்பை இடையில் வைத்து ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பாருங்கள். பல்பு எரியாத பிளக் செத்தது.

மூன்றாவது தண்ணீர் டீசலோடு வருவது. 2022இல் இது உச்சத்துக்குப் போனது. 2021 டிசம்பரில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் ஒட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். கியூவில் நின்று கிடைத்ததைக் கேன்களிலும் பீப்பாய்களிலும் சேர்த்து வைத்தார்கள். பாதி வெறுமையான பீப்பாயில் இரவு ஈரம் வியர்த்து அடியில் தங்கும். மண்ணெண்ணெய் ஆகஸ்ட் வரை 87 ரூபாய்தான் என்பதால் அதையும் டீசலில் கலந்தார்கள். பிழைக்க வேண்டியிருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வி.ஈ. பம்புக்கு உள்ளே என்ஜின் ஒயில் போகாது. அதற்குள் ஓடும் டீசலேதான் அதற்கு எண்ணெய். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் இல்லை. தண்ணீருக்கு அறவே இல்லை. அந்த வருடத்துக் கலப்படத்தின் கணக்கைப் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் பம்ப் ரூம்களில்தான் பலர் தீர்த்தார்கள்.

டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் திறக்கும் திருகு ஒன்று உண்டு. மாதம் ஒரு தரம் அதைத் தளர்த்தி, தெளிந்த டீசல் வரும்வரை வடியவிடுங்கள். பிறகு மேலே இருக்கும் கைப் பம்பை இறுகும்வரை அமுக்க வேண்டும். அப்படியும் ஸ்டார்ட் ஆகாவிட்டால், நொசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட்டரை அடித்தால் காற்று வெளியேறி டீசல் வரும், அப்போது இறுக்கிவிடலாம். ஓடும் என்ஜின் மிஸ் அடித்து உதறுகிறது என்றால், அதே நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். எதைத் தளர்த்தியும் ஓட்டத்தில் மாற்றம் இல்லையோ அந்தச் சிலிண்டரில்தான் நோய். கண்ணாடி அணிந்து, துணி சுற்றிச் செய்ய வேண்டும். நொசிலிலிருந்து சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படிப் போனால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பம்பை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். அதன் அளவைச் சரிபார்க்கும் மேசை பம்ப் ரூமில்தான் இருக்கிறது.

நாலாவது தண்ணீர் வெள்ளம். எலுவங்குளத்தில் கலா ஓயா பெருகிச் சப்பாத்துப் பாலத்தை மூடும்போதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் புத்தளம் மாவட்டத்தை மூழ்கடித்தபோதும் நடந்தது ஒன்றுதான். என்ஜின் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை இழுக்கிறது. காற்று நெருங்கும், தண்ணீர் நெருங்காது. இருபத்திரண்டு மடங்கு நெருக்கப் பார்க்கும் பிஸ்டனின் கொன்ரொட் வளைந்துவிடுகிறது. நீரில் நின்ற வேனுக்கு வெள்ளம் வடிந்ததும் சாவி போடுவதுதான் செய்யக்கூடாத காரியம். முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். நாலு ஹீட்டர் பிளக்கையும் எடுத்துவிட்டு, முன் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றுங்கள். தண்ணீர் அந்தத் துளைகளால் வெளியே வரும். ஒயில், ஒயில் பில்டர், டீசல் பில்டர், காற்று பில்டர் எல்லாவற்றையும் மாற்றி, டாங்கியையும் வடித்த பிறகே ஸ்டார்ட்டர்.

இவ்வளவையும் நம்மவர் கற்றதற்குத் தேவையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1இல்தான் திரும்பத் தொடங்கியது. அந்த ஐந்து வருடமும் இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை. வேனின் பொடி உப்பில் உக்கிப்போனாலும் என்ஜின் இன்னொரு வேனுக்கோ லொறிக்கோ ஏறுகிறது. முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளில் தண்ணீர் இறைக்கவும் போகிறது. அங்கேயும் அதை உப்புத் தண்ணீரில் குளிரவைக்காதவர்களிடம்தான் அது நிலைக்கிறது.

பழைய டொல்பின் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரை நம்பாதீர்கள், அதைத் திருப்பி வைக்கலாம். காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போதே போய், ரேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். துருநிறத் தண்ணீரும் வெள்ளைப் படிவும் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வேனை வாங்காதீர்கள்.